மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

 

சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வட்டியில்லாக் கடன் கேட்டு வந்த மனுக்களைப் பரிசீலித்தோம். மருத்துவச் செலவு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று வழக்கமாக வரும் மனுக்களோடு, இந்த முறை பூச்சி மருந்தும் விசைத்தெளிப்பானும் வாங்கக் கடன் கேட்ட மனுக்களும் இருந்தன. கொய்யாவும் பப்பாளியும் எலுமிச்சையும் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் எழுதியவை அவை. காரணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இலையிலும் கிளையிலும் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பிக்கிடக்கிறது, அடித்த மருந்துக்குப் போகவில்லை, இன்னும் வீரியமான மருந்து வேண்டும்.

அந்த மனுக்களைப் படித்தபோது எனக்கு நம் டிரஸ்டின் கொய்யாத் தோப்பு நினைவுக்கு வந்தது. அங்கே இதே தவற்றைச் செய்தவன் நான். கடன் வாங்கி அதே பாதையில் இன்னும் சிலர் போகக்கூடாது என்பதற்காகவே இந்த மாதப் பாடத்தை இந்தப் பொருளில் எழுதுகிறேன்.

நம் தோப்பில் நடந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தோப்பில் மாவுப்பூச்சி தென்பட்டது. அந்தத் தோப்பின் வருமானம் எதற்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பனை இழந்த பிள்ளைகளின் பள்ளிச் செலவு அதிலிருந்துதான் வருகிறது. அமானிதச் சொத்து பாழாகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், யாரிடமும் கலந்து பேசாமல் உடனே மருந்தடிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் மரங்கள் சுத்தமாக இருந்தன. அதன்பின் பூச்சி திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. இரண்டாம் முறை இரண்டு மருந்துகளைக் கலந்து அடித்தோம். மூன்றாம் முறையும் அடித்தோம். காய்களின் மேல் கரும்பூசணம் படர்ந்து, வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். அந்த ஆண்டு பிள்ளைகளின் கட்டணத்துக்கு பைத்துல்மாலில் இருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பாய், நம்ம மருந்தடிக்காத மரந்தான் நல்லா இருக்கு. வந்து பாருங்க."

கிணற்றடியில் ஐந்து மரங்கள் உண்டு. ஒளுச் செய்யவும் குடிக்கவும் எடுக்கும் தண்ணீரில் மருந்து விழுந்துவிடக் கூடாது என்று அந்த ஐந்துக்கு மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பூச்சிக் கட்டுப்பாட்டை நினைத்துச் செய்ததல்ல அது. ஆனால் போய்ப் பார்த்தால், அந்த ஐந்து மரங்களிலும் பூச்சி மிகக் குறைவு. மூன்று முறை மருந்து குடித்த மரங்கள்தாம் வெளுத்துப்போய் நின்றன.

வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து வந்த அலுவலர் ஒருவர் கிணற்றடி மரத்தின் இலையைத் திருப்பி, கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். ஒட்டிக்கொண்டிருந்த பூச்சிகளில் பெரும்பாலானவை காய்ந்து, உப்பி, பழுப்பு நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் குண்டூசியால் குத்தியது போல ஒரு வட்டத் துளை. "இது குளவி வெளியே போன வாசல் ஐயா" என்றார். பல ஆண்டுகளாக அந்தத் தோப்புக்குப் போய்வருகிறேன். அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

நஷ்டம் செய்யும் பூச்சி

நாம் செதில் பூச்சி, மாவுப்பூச்சி என்று சொல்பவை நெருங்கிய உறவுள்ள ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. செதில் பூச்சி சிறு ஓடு போலவோ செதில் போலவோ கிளையோடு ஒட்டிக்கிடக்கும். பலரும் அதை மரப்பட்டையின் மரு என்றே நினைத்துவிடுவார்கள். மாவுப்பூச்சியின் உடல்மீது வெள்ளை மெழுகுத் தூள் படிந்திருக்கும். இரண்டும் ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிஞ்சும் இனிப்பு நீரை மாவுப்பூச்சியும் செதில் பூச்சிகளில் பலவும் வெளியே விடும். அந்த இனிப்பின் மேல்தான் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு வருவதும் அதைத் தேடித்தான்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் தவழ்ந்து திரியும். காற்றிலும், நாற்றிலும், நம் உடையிலும் ஒட்டி அடுத்த தோப்புக்குப் போய்விடும். ஓர் இடத்தில் நிலைத்து மெழுகைப் போர்த்திக்கொண்டபின் நாம் தெளிக்கும் மருந்து அதன் உடலைத் தொடுவதே கடினம். முட்டைகளும் பஞ்சு போன்ற பைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எனவே நூற்றுக்குத் தொண்ணூறைக் கொன்றாலும், மிஞ்சிய பத்து சில வாரங்களில் மரத்தை மறுபடி நிரப்பிவிடும்.

கண்ணுக்குப் புலப்படாத உதவியாளர்

குளவி என்றவுடன் ஓட்டில் கூடு கட்டிக் கொட்டும் குளவியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் பலவும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. மனிதரைக் கொட்டாது. கூடு கட்டாது. உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தால் தூசி என்று ஊதிவிடுவோம்.

தாய்க்குளவி இலைமேல் நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி மாவுப்பூச்சியைத் தேடும். தனக்கு ஏற்ற பருவத்தில் உள்ள பூச்சி கிடைத்தால், அதன் உடலுக்குள் ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி முட்டையிடும். முட்டை பொரித்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி இறந்து, காய்ந்து, உப்பிய கூடாக மாறும். புழு அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, குளவியாகி, முதுகில் ஒரு வட்டத் துளையிட்டு வெளியேறும். சில இனங்களில் இதற்கெல்லாம் இரண்டு வாரம் போதும். செதில் பூச்சியின் ஓட்டுக்கு அடியில், உடலின் வெளிப்புறத்தில் முட்டையிடும் குளவிகளும் உண்டு.

இந்தக் குளவிகளில் பல, ஒரே இனப் பூச்சியையோ அதற்கு நெருங்கிய சிலவற்றையோ மட்டும்தான் தேடும். வேறெதையும் தொடாது. நாம் ஆள் வைத்து இலை இலையாகத் தேட முடியாது. கூலி வாங்காமல் அந்த வேலையை இவை செய்கின்றன.

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் திருமறையில் அத்தியாயங்கள் அமைந்திருப்பதைச் சிறுவயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் மீஸான் எனும் தராசைப் பற்றி வருவதையும் அறிவோம். வியாபாரத் தராசுக்கு மட்டுமே அதைப் பொருத்திப் பழகிவிட்டோம். ஒரு கொய்யா இலையின் அடியிலும் அல்லாஹ் ஒரு தராசை வைத்திருக்கிறான் என்பதை அந்தக் கைக்கண்ணாடி எனக்குக் காட்டியது.

மருந்து ஏன் பூச்சியைப் பெருக்கியது?

கிணற்றடி மரங்களில் எனக்குத் தற்செயலாகத் தெரிந்ததை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பால் டீபாக் என்ற பூச்சியியல் அறிஞர் 1940களிலேயே திட்டமிட்டுச் செய்து காட்டியிருக்கிறார். ஆரஞ்சு வகை மரங்களில் செதில் பூச்சி குறைவாக இருப்பதற்கு அதன் இயற்கை எதிரிகள்தாம் காரணம் என்று அவர் கருதினார். அதை நிரூபிக்கச் சில மரங்களுக்கு மட்டும் டி.டி.டி. தெளித்தார். மருந்து இயற்கை எதிரிகளைக் கொன்றது, செதில் பூச்சியை அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. தெளித்த மரங்களில் செதில் பூச்சி பன்மடங்கு பெருகியது. தெளிக்காத மரங்களில் அது அடங்கியே இருந்தது.

காரணம் எளிது. மாவுப்பூச்சி மெழுகுக்குள் ஒளிந்திருக்கிறது, குளவியோ இலைமேல் திறந்த உடலோடு நடந்து திரிகிறது. நம் மருந்து முதலில் கொல்வது குளவியைத்தான். பூச்சிக்கு எதிரியே இல்லாத மரத்தை நாமே காசு கொடுத்து உண்டாக்குகிறோம். பிறகு பூச்சி பெருகிவிட்டதே என்று மறுபடி மருந்து வாங்குகிறோம்.

கோவையில் தொடங்கி அடங்கிய கதை

இது ஒரு தோப்போடு முடியும் செய்தி அன்று. நம் மாநிலமே இதை அனுபவித்திருக்கிறது.

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். அங்கே அதற்கு இயற்கை எதிரிகள் இருந்ததால் அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. எதிரிகள் இல்லாத கரீபியன் தீவுகளுக்கும் புளோரிடாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போன இடத்தில்தான் பேயாட்டம் ஆடியது. நம்மிடமும் அப்படியே நடந்தது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, கொய்யா, பருத்தி, செம்பருத்தி, காட்டாமணக்கு என்று பரவியது. தரிசில் கிடக்கும் பார்த்தீனியம் செடியில்கூட அது குடியிருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதிகளில் பட்டு வளர்ப்போர் பட்ட பாடு சொல்லி முடியாது. மல்பெரி இலையில் கடும் மருந்தடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. மல்பெரியையும் பப்பாளியையும் பிடுங்கி எறிந்தவர்கள் பலர்.

மருந்துகள் தோற்றன. பொறிவண்டு போன்ற இரைவிழுங்கிகள் ஓரளவு உதவின, ஆனால் அது போதவில்லை. இந்தப் பூச்சியை இந்தியாவில் அடையாளம் கண்ட ஆய்வாளர்களில் ஒருவர், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தமிழரான பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன். இதற்கான விடை ஏற்கெனவே வேறிடத்தில் கிடைத்திருந்தது. மெக்சிகோவில் தேடிக் கண்டெடுத்த ஒட்டுண்ணிக் குளவிகளை அமெரிக்க வேளாண்மைத் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்தது. அவற்றை விட்ட இடங்களில் மாவுப்பூச்சி பெருமளவு ஒழிந்திருந்தது.

2010ஆம் ஆண்டு அங்கிருந்து மூன்று இனக் குளவிகள் பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகத்துக்கு வந்தன. உடனே வயலில் விட்டுவிடவில்லை. நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளுக்கு இவற்றால் தீங்கு வருமா என்று தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். தீங்கில்லை என்று உறுதியான பிறகு, அக்டோபர் மாதம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வயல்களில் விட்டார்கள். மூன்றில் மிகச் சிறப்பாக நிலைத்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. சில மாதங்களிலேயே பூச்சி அடங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு விவசாயிகள் மீண்டும் பப்பாளியும் மல்பெரியும் நட்டார்கள். இதனால் ஐந்தாண்டுகளில் நம் நாட்டுக்குக் கிடைத்த நன்மை குறைந்தது 50 கோடி டாலர் என்று பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

அந்தக் குளவியின் பரம்பரை இன்றும் நம் வயல்களில் வாழ்கிறது. அதை நாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கொல்லாமல் இருந்தால் போதும்.

எறும்பு பற்றி ஒரு மார்க்கக் கேள்வி

மாவுப்பூச்சி உள்ள மரத்தில் எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இனிப்பு நீருக்காக எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கிறது. குளவி வந்தால் விரட்டிவிடுகிறது. ஆகவே எறும்பைத் தடுக்காமல் குளவியின் வேலை முழுமையாகாது.

எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கையும் கொல்ல வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக வரும் ஹதீஸைச் சொல்லி, அப்படியானால் என்ன செய்வது என்று இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தீங்கு தரும் எறும்பைப் பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அந்த விவாதத்துக்கே அவசியமில்லை. எறும்பைக் கொல்ல வேண்டியதில்லை, மரத்தில் ஏறவிடாமல் தடுத்தால் போதும். தண்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் துணியோ பிளாஸ்டிக் பட்டையோ இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவிவிடுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் மரம் கெடும். தரையையும் பக்கத்து மரத்தையும் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே எறும்புக்குப் பாலம்.

தோப்பு வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒருமுறை பத்து மரங்களிலாவது இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், உப்பிய கூடும் துளையும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. துளை தென்பட்டால் உதவி வந்துவிட்டது என்று பொருள். கடும் மருந்து அடிக்க வேண்டாம். சில வாரம் பொறுத்து, துளையுள்ள கூடுகள் கூடுகின்றனவா என்று கவனியுங்கள்.

3. அளவுக்கு மீறிப் பூச்சி அப்பிய நுனிக்கிளைகளை வெட்டி அகற்றுங்கள். துளையுள்ள கூடுகள் நிறைந்த கிளையை மட்டும் எரித்துவிடாதீர்கள். அதற்குள் இன்னும் வெளிவராத குளவிகள் இருக்கும்.

4. பூச்சி ஏறுமுகமாக இருந்து, குளவியின் அடையாளம் எதுவும் இல்லையென்றால், மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம், அல்லது வேப்பெண்ணெய் லிட்டருக்கு 20 மில்லி சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, பூச்சி உள்ள இடத்தில் மட்டும் படும்படி அடியுங்கள். தோப்பு முழுக்க அடிக்க வேண்டாம்.

5. பார்த்தீனியம் போன்ற களைகளை அகற்றுங்கள். புதிய நாற்றை வாங்கும்போது இலையின் அடியைப் பார்த்து வாங்குங்கள்.

6. எந்தப் பூச்சி என்று புரியாவிட்டால், அந்த இலையை ஒரு காகித உறையில் போட்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பூச்சிக்கும் குளவி மருந்தாகாது. கொய்யாவின் பழ ஈக்கு வழி வேறு. ஏற்கெனவே கடும் மருந்தடித்துப் பழகிய தோப்பில், மருந்தை நிறுத்திய மறுநாளே குளவி வந்துவிடாது. நம் தோப்பில் நிலைமை சீராக ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் மறுபடி மருந்தடித்துவிடலாமா என்று எனக்கே பலமுறை தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் விடவில்லை. "இன்னும் பத்து நாள் பொறுங்க பாய்" என்று சொல்லியே அந்த ஆண்டை ஓட்டிவிட்டார்.

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு இழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நாம் அடிக்கும் மருந்து பக்கத்துத் தோப்பின் குளவியையும் தேனீயையும் கொல்கிறது. தெளிப்பானைத் தோளில் சுமக்கும் கூலித் தொழிலாளியின் மூச்சில் கலக்கிறது. மரம் நட்டு அதிலிருந்து மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் நட்டவருக்கு அது ஸதகா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த ஸதகாவில் விஷம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நிர்வாகக் குழுவின் முடிவு

கடன் மனுக்கள் எதையும் நாங்கள் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் பூச்சி மருந்துக்காகக் கடன் கேட்கும் ஒவ்வொருவரின் தோப்புக்கும் முதலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. இதற்காகப் பத்து கைக்கண்ணாடிகள் வாங்கி டிரஸ்ட் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எழுதிவைத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார். மதரஸாப் பிள்ளைகளை அடுத்த விடுமுறை நாளில் தோப்புக்கு அழைத்துச் சென்று காட்டவும் ஹழ்ரத் அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.

வாராந்திர வகுப்பில் கலந்து பேச:

1. மாவுப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து குளவியை முதலில் கொல்வது ஏன்?

2. 2010இல் குளவிகளை வயலில் விடுவதற்கு முன் சோதித்தது ஏன் அவசியம்?

3. எறும்பைக் கொல்லாமல் தடுக்கும் வழி எது? அதை உங்கள் வீட்டுக் கொய்யாவிலோ எலுமிச்சையிலோ செய்து பார்த்து, என்ன நடந்தது என்று அடுத்த வாரம் சொல்லுங்கள்.

அமானிதமாக நம்மிடம் தரப்பட்ட மண்ணையும் மரத்தையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் பேணும் அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்